மார்ச்சில் சம்பள வரம்பைத் தாண்டி நிற்கும் அணி: ஒப்பந்தத்தை மாற்றி எழுதுவதா, வீரரை விட்டுவிடுவதா?

2021 ஜனவரி 17 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் டாம் பிரேடியின் டாம்பா பே பக்கனியர்ஸும் ட்ரூ பிரீஸின் செயின்ட்ஸும் மோதின. டாம்பா பே 30-20 என வென்றது. மூன்று வாரம் கழித்து லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலையும் வென்றது. பிரேடி, பிரீஸ் இருவரும் குவார்ட்டர்பேக்குகள், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்கள். பிரீஸுக்கு அதுவே கடைசி ஆட்டம்.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு இரண்டு அணிகளும் தங்கள் சம்பளக் கணக்கை எப்படிக் கையாண்டன என்பதை நான் வருடக்கணக்கில் கவனித்து வருகிறேன். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் இரண்டும் ஒரே பிரிவைச் சேர்ந்தவை. என்எஃப்சி சவுத் எனப்படும் அந்தப் பிரிவின் மற்ற இரண்டு அணிகளான அட்லாண்டா ஃபால்கன்ஸும் கரோலினா பேந்தர்ஸும் அதே காலத்தில் அதே சிக்கலை வேறு வழிகளில் சமாளித்தன. ஒரே பிரிவு, ஒரே விதிகள், நான்கு விதமான முடிவுகள். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான இடம் இந்த விளையாட்டில் இல்லை.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் அணிக்கும் ஆண்டுச் சம்பள உச்சவரம்பு உண்டு. 1994-இல் தொடங்கியபோது அது 3.46 கோடி டாலர், 2025-இல் 27.92 கோடி டாலர். மார்ச் நடுவில் லீகின் புதிய ஆண்டு தொடங்கும் நாளன்று, அமெரிக்கக் கிழக்கு நேரப்படி மாலை 4 மணிக்குள் எல்லா அணிகளும் வரம்புக்குள் வந்துவிட வேண்டும். என்பிஏ கூடைப்பந்தில் வரி கட்டிவிட்டு வரம்பைத் தாண்டலாம். இங்கே அந்த வழி கிடையாது.

ஐபிஎல் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வித்தியாசம் முக்கியம். 2025 ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி ரூபாய் வரம்பு இருந்தது. ரிஷப் பந்தை லக்னோ 27 கோடிக்கு எடுத்தபோது அந்த 27 கோடியும் அப்படியே அந்தத் தொகையிலிருந்து கழிந்தது. என்எஃப்எல்லில் கணக்கு அப்படிப் போகாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது கொடுக்கும் சைனிங் போனஸ் வீரரின் கைக்குச் சீக்கிரமே போய்விடும். உச்சவரம்புக் கணக்கில் மட்டும் அதை ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து எழுதலாம். அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள். கையில் கொடுத்த பணத்துக்கும் கணக்கில் ஏறும் பணத்துக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியில்தான் எல்லா வித்தைகளும் நடக்கின்றன.

சரி, ஒரு கற்பனை அணியை எடுத்துக்கொள்வோம். மார்ச் முதல் வாரம். வரம்பைவிட 3 கோடி டாலர் அதிகமாக நிற்கிறது. வரம்பில் இடம் உண்டாக்கக்கூடிய பெரிய ஒப்பந்தங்கள் மூன்று. முதலாமவர் 26 வயது இடது டேக்கிள் (தன் குவார்ட்டர்பேக்கை எதிரணியிடமிருந்து காப்பவர்); இந்த ஆண்டுச் சம்பளம் 2 கோடி, இதையும் சேர்த்து நான்கு ஆண்டு ஒப்பந்தம் பாக்கி. இரண்டாமவர் 30 வயது ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்), சம்பளம் 1.6 கோடி, இரண்டு ஆண்டு பாக்கி. மூன்றாமவர் 33 வயது டிஃபென்சிவ் எண்ட் (எதிரணிக் குவார்ட்டர்பேக்கைத் துரத்துபவர்), சம்பளம் 1.4 கோடி. அவருக்கு முன்பே கொடுத்த போனஸில் இந்த ஆண்டுக்கு 40 லட்சம், அடுத்த ஆண்டுக்கு 40 லட்சம் இன்னும் கணக்கில் ஏறவேண்டியிருக்கிறது.

இந்த மூவரிடமும் செய்யக்கூடியவை என்னென்ன?

எளிய மாற்றம்

ரீஸ்ட்ரக்சர் என்று தினமும் செய்தியில் வருவது பெரும்பாலும் இதுதான். இந்த ஆண்டுச் சம்பளத்தில் பெரும்பகுதியை சைனிங் போனஸாக மாற்றிவிடுவார்கள். டேக்கிளின் 2 கோடியில் 1.8 கோடியை போனஸாக்கினால் அது நான்கு ஆண்டுக்கும் தலா 45 லட்சமாகப் பிரியும். இந்த ஆண்டு 1.35 கோடி இடம் கிடைக்கும். அடுத்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வொன்றிலும் 45 லட்சம் கூடுதலாக ஏறும். வீரருக்கு ஒரு டாலர் நஷ்டமில்லை. வாராவாரம் வரவேண்டிய சம்பளம் முன்கூட்டியே மொத்தமாக வருகிறது. பல ஒப்பந்தங்களில், வீரரைக் கேட்காமலேயே அணி இதைச் செய்துகொள்ளலாம் என்று ஆரம்பத்திலேயே எழுதி வைத்துவிடுகிறார்கள்.

இது வட்டியில்லாக் கடன். வரம்பு ஆண்டுதோறும் வளர்வதால் திருப்பிக் கட்டும்போது சுமை இன்னும் குறைகிறது. 2021-இல் வரம்பு 18.25 கோடி, 45 லட்சம் என்பது அதில் ஏறக்குறைய 2.5 சதவீதம். 2024-இல் வரம்பு 25.54 கோடி, அதே 45 லட்சம் 1.8 சதவீதம்தான். போதாததற்கு, ஒரு ஆண்டில் செலவழிக்காத இடத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துப் போகவும் அணிகளுக்கு அனுமதி உண்டு. இப்படிப் பார்த்தால் எல்லா ஒப்பந்தங்களையும் மாற்றி எழுதாத ஜெனரல் மேனேஜர், அதாவது அணியைக் கட்டும் நிர்வாகி, பணத்தைக் கோட்டைவிடுகிறார் என்றே தோன்றும். உச்சவரம்பு என்பதே பொய் என்று அடித்துச் சொல்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறார்கள்.

அவர்கள் விட்டுவிடுவது ஒன்று உண்டு. அந்த டேக்கிள் இந்த நவம்பரில் முழங்காலை முறித்துக்கொண்டு அடுத்த மார்ச்சில் விடுவிக்கப்பட்டால், பாக்கியுள்ள மூன்று 45 லட்சமும் சேர்ந்து 1.35 கோடி ஒரே ஆண்டில் விழும். அணியில் இல்லாத ஆளுக்காக வரம்பில் இடம் போகும். இதை டெட் மணி என்கிறார்கள். எனவே ஒவ்வொரு முறை மாற்றி எழுதும்போதும், அந்த வீரரை விட்டு விலகும் கதவை அணி தன் கையாலேயே இன்னும் கொஞ்சம் சாத்துகிறது. பணத்துக்கு வட்டியில்லை, இந்த விலகும் சுதந்திரம்தான் விலை. அதனால் எவ்வளவு இடம் கிடைக்கும் என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான். மூன்று ஆண்டு கழித்தும் இந்த ஆள் இங்கே வேண்டுமா என்பதுதான் முதல் கேள்வி.

வெற்று ஆண்டுகள்

மேலே சொன்னதன் தீவிர வடிவம். ஒப்பந்தத்தின் கடைசியில் வீரர் விளையாடவே போகாத ஆண்டுகளை ஒட்டவைப்பார்கள். வாய்டு இயர்ஸ் என்று பெயர். டேக்கிளுக்கு அப்படி ஓர் ஆண்டைச் சேர்த்தால் 1.8 கோடி ஐந்தாகப் பிரிந்து தலா 36 லட்சமாகும். கிடைக்கும் இடம் 1.44 கோடி. ஒரே ஆண்டு ஒப்பந்தத்துக்கு நான்கு வெற்று ஆண்டுகளை ஒட்டவைப்பதும் சகஜம். ஒப்பந்தம் முடியும் மார்ச்சில் மிச்சமெல்லாம் ஒன்றாக விழும்.

டாம்பா பே பிரேடிக்கு இதைச் செய்தது. 2021 மார்ச்சில் அவருடைய ஒப்பந்தத்தை வெற்று ஆண்டுகளோடு நீட்டித்து சுமார் 1.9 கோடி டாலர் இடம் உண்டாக்கினார்கள். சூப்பர் பவுல் வென்ற அணியின் தொடக்க வீரர்கள் 22 பேரையும் அடுத்த பருவத்துக்கு அப்படியே தக்கவைத்துக்கொண்டார்கள். 2023 பிப்ரவரியில் பிரேடி நிரந்தரமாக ஓய்வுபெற்றபோது ஒரே ஆண்டில் 3.51 கோடி டாலர் டெட் மணி வந்து விழுந்தது.

இதைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. கோப்பைக்கு அருகில் நிற்கும் அணி, எந்த ஆண்டில் கட்டணம் வரும் என்று தெரிந்தே வாங்கிய கடன் அது. வெற்று ஆண்டுகளை ஏழு வெற்றி பத்துத் தோல்வியில் நிற்கும் அணி பயன்படுத்துவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நீட்டிப்பு, சம்பளக் குறைப்பு

நீட்டிப்பில் உண்மையான புதிய ஆண்டுகள், உண்மையான புதிய பணம். நல்ல வீரருக்கு 25, 26 வயதில் கொடுத்தால் இதுதான் எல்லாவற்றிலும் சிறந்த கருவி என்பது என் கருத்து. பிலடெல்பியா ஈகிள்ஸின் ஜெனரல் மேனேஜர் ஹோவி ரோஸ்மன் இதில் கைதேர்ந்தவர். குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸுக்கு 2023-இல் ஐந்தாண்டுக்கு 25.5 கோடி டாலர் ஒப்பந்தம். முதல் ஆண்டில் வரம்பில் ஏறியது வெறும் 61.5 லட்சம். டெவோன்டா ஸ்மித், ஜோர்டன் மைலாட்டா, லேண்டன் டிக்கர்சன் எல்லாருக்கும் 2024-இல் சந்தை விலை ஏறுவதற்கு முன்பே நீட்டிப்பு. 2025 பிப்ரவரியில் கன்சாஸ் சிட்டியை 40-22 என்று வென்று கோப்பை வாங்கினார்கள்.

ஈகிள்ஸும் சுமையைத் தள்ளித்தான் போடுகிறார்கள், செயின்ட்ஸும் தள்ளித்தான் போட்டார்கள். ஈகிள்ஸ் இளம் வீரர்களிடம், ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே, திட்டமிட்டுச் செய்கிறார்கள். செயின்ட்ஸ் மார்ச் மாதக் கெடுவுக்கு முந்தைய நாட்களில், வயதேறிய வீரர்களிடம், வேறு வழியில்லாமல் செய்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

நீட்டிப்பு தவறிப்போனால் அடி பலமாக விழும். டென்வர் பிராங்கோஸ் 2022-இல் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனை வாங்கியது. அவர் தங்களுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடும் முன்பே 24.5 கோடி டாலருக்கு ஐந்தாண்டு நீட்டிப்புக் கொடுத்தது. இரண்டு பருவம் கழித்து விடுவித்தபோது டெட் மணி 8.5 கோடி. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்திருக்கலாம்.

சம்பளக் குறைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கணக்குப்படி இதுதான் சுத்தமானது: கடன் இல்லை, தள்ளிப்போடுதல் இல்லை, குறைத்தது குறைத்ததுதான். ஆனால் வீரர் சம்மதிக்க வேண்டும், அதுவும் விடுவித்துவிடுவோம் என்ற மிரட்டல் மேஜையில் இருக்கும்போது சம்மதிக்க வேண்டும். கிரீன் பே பேக்கர்ஸின் ஆரோன் ஜோன்ஸ் 2023-இல் 50 லட்சம் டாலர் விட்டுக்கொடுத்தார். அடுத்த மார்ச்சில் மறுபடியும் குறைக்கச் சொன்னபோது உடன்படவில்லை. விடுவிக்கப்பட்டு, போட்டி அணியான மின்னசோட்டா வைக்கிங்ஸில் சேர்ந்தார். ஓர் அணிக்காக உடம்பைக் கொடுத்து ஆடியவரிடம் இரண்டு ஆண்டு தொடர்ந்து போய்க் கையேந்துவது எனக்கு ஒப்பவில்லை. ஒரு முறை கேட்கலாம், அதுவும் நேர்மையாக, ஈடாக ஏதாவது உத்தரவாதம் கொடுத்துக் கேட்கலாம்.

விடுவிப்பதும் விற்பதும்

விடுவித்தால் சம்பளம் மிச்சம், பாக்கி போனஸ் உடனே விழும். நம் 33 வயது டிஃபென்சிவ் எண்டை மார்ச்சில் விடுவித்தால் 1.4 கோடி சம்பளம் போகும், அடுத்த ஆண்டுக்குரிய 40 லட்சம் இந்த ஆண்டுக்கு வந்து சேரும். நிகர லாபம் 1 கோடி. ஜூன் 1 என்ற தேதியைப் பயன்படுத்தி அந்த 40 லட்சத்தை அடுத்த ஆண்டுக்கே விட்டுவைக்க ஒரு விதி இருக்கிறது. ஓர் அணி ஆண்டுக்கு இரண்டு வீரர்களை முன்கூட்டியே விடுவித்து, ஜூன் 1-க்குப் பிறகு விடுவித்ததாகக் கணக்குக் காட்டலாம். அப்போது லாபம் 1.4 கோடி. ஆனால் ஜூன் வரை அவருடைய முழுத் தொகையும் கணக்கில் இருந்துகொண்டே இருக்கும். அதனால் மார்ச் கெடுவுக்கு இது உதவாது. இதை மறந்துவிட்டுப் பேசும் விசிறிகள் நிறைய.

இன்னொரு சின்ன விஷயமும் உண்டு. ஆடாத மாதங்களில் அணியின் மிக விலையுயர்ந்த 51 ஒப்பந்தங்கள் மட்டுமே வரம்பில் எண்ணப்படும். ஒருவரை வெளியேற்றினால் 52-வது ஆள் உள்ளே வருவார். 2025-இல் புதுமுகத்தின் குறைந்தபட்சச் சம்பளமே 8.4 லட்சம் டாலர். ஆக 1 கோடி லாபம் என்று எழுதியது உண்மையில் 91 லட்சம்போலத்தான் நிற்கும்.

விற்பது, அதாவது டிரேட், பலருக்குப் பிடிக்காது. கன்சாஸ் சிட்டி 2022 மார்ச்சில் ரிசீவர் டைரீக் ஹில்லை மயாமிக்குக் கொடுத்தபோது எழுந்த கூச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஹில்லுக்குக் கொடுத்திருக்க வேண்டிய பணம் மிச்சமானது, கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஐந்து வாய்ப்புகள் கிடைத்தன. அவற்றில் முதல் சுற்று வாய்ப்பைப் பயன்படுத்தி முன்னேறிப் போய் எடுத்தவர்தான் டிரென்ட் மெக்டஃபி. அடுத்த இரண்டு சூப்பர் பவுலும் அவர்களுக்கே. உச்சத்தில் இருக்கும் வீரரை, விலை உச்சத்தில் இருக்கும்போது கொடுக்க நெஞ்சுரம் வேண்டும். பாட்ரிக் மஹோம்ஸ் போன்ற குவார்ட்டர்பேக்கும் வேண்டும்.

விற்கும் முன் கவனிக்க வேண்டிய பொறி ஒன்று இருக்கிறது. பிரித்து எழுதிய போனஸ் விற்ற அணியின் கணக்கிலேயே தங்கிவிடும். வாங்கும் அணிக்குச் சம்பளம் மட்டுமே. கரோலினா 2022 மார்ச்சில், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கான கிறிஸ்டியன் மெக்காஃப்ரியின் ஒப்பந்தத்தை மாற்றி எழுதி அவருடைய சம்பளத்தைக் குறைந்தபட்சத்துக்குக் கொண்டுவந்தது. அக்டோபரில் அவரை சான் பிரான்சிஸ்கோ 49ஏர்ஸுக்கு விற்றது. அந்தப் பருவத்தின் மிச்சத்துக்கு நாட்டின் தலைசிறந்த ரன்னிங் பேக்குக்கு 49ஏர்ஸ் கொடுக்க வேண்டியிருந்தது சில லட்சம் டாலர்தான். கரோலினா அடுத்த ஆண்டு 1.8 கோடிக்கும் மேல் டெட் மணி சுமந்தது. பணத்தைக் கொடுத்தது ஓர் அணி, ஆட்டத்தைப் பெற்றது இன்னோர் அணி. மார்ச்சில் மாற்றி எழுதுவதாக இருந்தால் அக்டோபரில் விற்கக் கூடாது. விற்கும் எண்ணம் இருந்தால் மார்ச்சில் கை வைக்கக் கூடாது.

நான்கு அணிகளின் கதை

கரோலினாவை மேலே பார்த்தோம். செயின்ட்ஸிடம் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் மாற்றி எழுதும் முறையை அதன் ஜெனரல் மேனேஜர் மிக்கி லூமிஸ் அளவுக்கு நீண்ட காலம் நம்பியவர் இல்லை. அவருக்கு நியாயம் செய்வதென்றால், 2017 முதல் 2020 வரை நான்கு முறை தொடர்ந்து பிரிவை வென்றார்கள். பிரீஸின் கடைசி ஆண்டுகளை வீணாக்காமல் இருக்க எல்லாவற்றையும் பின்னால் தள்ளினார்கள். அதுவரை சரி.

2021-இல் இரண்டு இடி ஒன்றாக விழுந்தது. கோவிட் காரணமாக வரம்பு 19.82 கோடியிலிருந்து 18.25 கோடிக்கு இறங்கியது, பிரீஸ் ஓய்வுபெற்றார். வரம்பு வளர்ந்துகொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில் தள்ளிப்போட்டதெல்லாம், வரம்பு இறங்கிய ஆண்டில் வந்து நின்றது. அணி சுமார் 10 கோடி டாலர் தாண்டி நின்றது. பிரீஸ் போகிற போக்கில் ஒரு நல்ல காரியம் செய்தார்: தன் 2.5 கோடி சம்பளத்தை 10.75 லட்சமாகக் குறைத்துக் கையெழுத்திட்டார், ஜூன் 1 வரை கணக்கில் தன்னை வைத்திருக்க வசதியாக.

எப்படியோ கெடுவுக்குள் வந்துவிட்டார்கள். லூமிஸ் மந்திரவாதி என்று அப்போது பாராட்டினார்கள். ஆனால் யாரை இழந்தார்கள் என்று பாருங்கள். டிஃபென்சிவ் எண்ட் டிரே ஹெண்ட்ரிக்சனுக்கு அப்போது 26 வயது, 2020-இல் 13.5 சாக் (எதிரணிக் குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது). அவரைத் தக்கவைக்க இடமில்லாததால் சின்சினாட்டி பெங்கால்ஸ் நான்காண்டுக்கு 6 கோடி கொடுத்து எடுத்துக்கொண்டது. 2024-இல் 17.5 சாக்குகளோடு லீகிலேயே முதலிடம் பிடித்தார்.

அதே நேரத்தில் ரிசீவர் மைக்கேல் தாமஸின் ஒப்பந்தம் திரும்பத் திரும்ப மாற்றி எழுதப்பட்டது. 2019-இல் 149 பந்துகளைப் பிடித்து லீக் சாதனை படைத்தவர் அவர், அந்த ஆண்டின் சிறந்த தாக்குதல் வீரர். பிறகு கணுக்கால் காயம். 2020-இல் ஏழு ஆட்டம், 2021-இல் ஒன்றுகூட இல்லை, 2022-இல் மூன்று. ஒவ்வொரு முறை மாற்றி எழுதும்போதும் அவரை விடுவிக்கும் செலவு ஏறியது. விடுவிக்கும் செலவு ஏறியதால் மறுபடியும் மாற்றி எழுத வேண்டியதாயிற்று. கடந்த காலத்தில் ஆடியவரைக் காப்பாற்றுவதற்காக எதிர்காலத்தில் ஆடப்போகிறவரை அனுப்பிவிட்டார்கள். இந்த முறையின் பெரிய ஆபத்து எனக்கு இங்கேதான் தெரிகிறது.

பிரீஸுக்குப் பிறகும் நிறுத்தவில்லை. 2023-இல் குவார்ட்டர்பேக் டெரெக் கார் நான்காண்டுக்கு 15 கோடி என்று வந்தார். 2025 மார்ச்சில் அவருடைய ஒப்பந்தத்தையும் மாற்றி எழுதினார்கள். மே மாதம் தோள்பட்டைக் காயத்தால் அவர் ஓய்வை அறிவித்தார். 2021 முதல் 2024 வரை நான்கு பருவங்களிலும் பிளேஆஃப் இல்லை. கடைசியில் ஐந்து வெற்றி, பன்னிரண்டு தோல்வி.

டாம்பா பே அதே கடனை வாங்கி வேறு மாதிரி கட்டியது. ஜெனரல் மேனேஜர் ஜேசன் லைக்ட், 2023-இல் பிரேடியின் 3.51 கோடியையும் மற்றவர்களின் பாக்கியையும் ஒரே ஆண்டில் ஏற்றுக்கொண்டார். குவார்ட்டர்பேக்காக பேக்கர் மேஃபீல்டை 40 லட்சம் டாலருக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்தார். அந்தப் பருவம் குப்பை என்று எல்லாரும் கைகழுவியிருந்தார்கள். 9-8 என்று பிரிவை வென்று, பிளேஆஃபில் ஈகிள்ஸை 32-9 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த மார்ச்சில் கணக்குச் சுத்தம். மேஃபீல்ட், மைக் எவான்ஸ், ஆன்டுவான் வின்ஃபீல்ட் மூவரையும் தக்கவைக்க இடமிருந்தது. மேஃபீல்ட் இவ்வளவு நன்றாக ஆடுவார் என்பது அதிர்ஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டேக்கிள் டிரிஸ்டன் விர்ஃப்ஸும் வின்ஃபீல்டும் 2020 டிராஃப்டில் எடுக்கப்பட்டவர்கள். அது அதிர்ஷ்டமல்ல, வேலை.

அப்படியானால் ஒரே அடியில் கட்டிவிடுவதுதான் தீர்வா? அட்லாண்டாவைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. 2021 மார்ச்சில் குவார்ட்டர்பேக் மேட் ரையனின் ஒப்பந்தத்தை மாற்றி எழுதினார்கள். சரியாக ஓராண்டு கழித்து அவரை இண்டியானாபொலிஸுக்கு ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்புக்கு விற்று, 4.05 கோடி டாலர் டெட் மணியை விழுங்கினார்கள். ஒரே வீரருக்கு அப்போது அதுவே சாதனை. அந்த ஆண்டு 7-10. அதற்கு முந்தைய ஆண்டும் 7-10, அடுத்த ஆண்டும் 7-10. இடம் கிடைத்தபின் 2024-இல் குவார்ட்டர்பேக் கர்க் கசின்ஸுக்கு நான்காண்டுக்கு 18 கோடி என்று எழுதிக்கொடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அவர் பெஞ்சில். கணக்கைச் சுத்தம் செய்வது வாய்ப்பைத் தருகிறது, அவ்வளவுதான். அந்த வாய்ப்பை யார் மீது செலவிடுவது என்பது வேறு திறமை.

டென்வரை மறுபடியும் இங்கே கொண்டுவருகிறேன். 8.5 கோடி டெட் மணி என்றால் அணி ஐந்து ஆண்டுக்கு எழாது என்றார்கள். ஜூன் 1 விதியால் அதை இரண்டு ஆண்டுக்குப் பிரித்து, டிராஃப்டில் குவார்ட்டர்பேக் போ நிக்ஸை எடுத்து, முதல் ஆண்டே 10-7 என்று பிளேஆஃப் போனார்கள். 2015 பருவத்துக்குப் பிறகு முதல் முறை. டெட் மணி பற்றிய பயம் அளவுக்கு மீறியது என்று நான் சொல்ல இதுவே போதும். மலிவான புதுமுகக் குவார்ட்டர்பேக் ஒருவர் அமைந்தால் அந்தச் சுமை தாங்கக்கூடியதே.

எதிர்த்திசையில் ஒரு விதிவிலக்கும் உண்டு. கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் 2022-இல் குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சனுக்குக் கொடுத்த 23 கோடி முழுவதும் உத்தரவாதமானது. அவரை விடுவித்தாலும் பணம் கொடுத்தே ஆக வேண்டும். விலகும் கதவு முதல் நாளிலேயே மூடப்பட்டுவிட்டதால், பிறகு ஆண்டுதோறும் மாற்றி எழுதியதில் புதிதாக இழக்க எதுவும் இல்லை. அங்கே தவறு மாற்றி எழுதியதில் இல்லை, கையெழுத்திட்ட நாளில் இருந்தது.

நம் அணிக்கு

3 கோடி குறைக்க வேண்டும். மூவரையும் மாற்றி எழுதி, தேவைப்பட்ட இடத்தில் வெற்று ஆண்டுகளைச் சேர்த்தால் வேலை ஒரே நாளில் முடியும். யாரையும் இழக்க வேண்டாம். செயின்ட்ஸ் வழி அது. எனக்கு அதில் உடன்பாடில்லை, 33 வயதுக்காரர் ஒருவர் அதில் இருப்பதால்.

டேக்கிளிடம் தயக்கமே வேண்டாம். 26 வயது, இடது டேக்கிள்கள் 30 தாண்டியும் ஆடுவார்கள், மூன்று ஆண்டு கழித்தும் அவர் வேண்டும். வெற்று ஆண்டு சேர்க்காமல் எளிய மாற்றம். 1.35 கோடி.

டிஃபென்சிவ் எண்டிடம் முதலில் சம்பளக் குறைப்புக் கேட்பேன், ஒரு முறை மட்டும், பாதிச் சம்பளத்துக்கு உத்தரவாதம் கொடுத்து. மறுத்தால் மார்ச்சிலேயே விடுவிப்பேன், ஜூன் வரை இழுக்காமல். அவருக்கும் மற்ற அணிகளிடம் பணம் இருக்கும்போதே சந்தைக்குப் போக முடியும். பிரியும்போது வீரருக்குச் செய்யக்கூடிய மரியாதை அது. 52-வது ஆளைக் கழித்தால் 91 லட்சம்.

ரிசீவர்தான் சிக்கல். நீட்டிப்புக் கொடுத்து இரண்டு ஆண்டைக் கூட்டினால் 1.4 கோடியை நான்காகப் பிரித்து 1.05 கோடி இடம் பெறலாம். ஆனால் அவருக்கு 33 வயதாகும்வரை அணி பொறுப்பாகிறது. ஹில்போல விற்கலாம், ஆனால் 30 வயதில் அந்த விலை வராது. நான் நீட்டிக்க மாட்டேன். இருக்கும் இரண்டு ஆண்டுக்குள்ளேயே 1.4 கோடியைப் பிரித்தால் இந்த ஆண்டு 70 லட்சம் கிடைக்கும், அடுத்த ஆண்டு 70 லட்சம் ஏறும், அத்தோடு முடிந்தது.

மொத்தம் 2.96 கோடி. இன்னும் 4 லட்சம் குறைகிறது. டேக்கிளிடம் 1.8 கோடிக்குப் பதில் 1.87 கோடியை போனஸாக்கலாம். மிஞ்சும் 13 லட்சம் அவருடைய அனுபவத்துக்குரிய குறைந்தபட்சச் சம்பளத்துக்குச் சற்று மேலே இருக்கிறது, விதி அனுமதிக்கும். இடம் 1.40 கோடியாகும், மொத்தம் 3.01 கோடி. கெடுவுக்குள் வந்துவிட்டோம். ஏப்ரல் டிராஃப்டில் எடுக்கும் புதுமுகங்களுக்குக் கோடைக்குள் இன்னும் கொஞ்சம் தேடவேண்டியிருக்கும். அதற்கும் ரிசீவரின் ஒப்பந்தத்தை மறுபடி தொட மாட்டேன்.